துண்டுக்குள் விரல்

திருவண்ணாமலையை விட்டு வேலூர்ச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தொலைவிற்குள் வேங்கிக்கால் என்னும் ஊரைக் காண்பர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கே அமைந்திருத்தலால், மனுவுங் கையுமாய் வருவோர் பலர்க்கு அவ்வூர் பழக்கமானது. யான் பிறந்து வளர்ந்ததும் அவ்வூரிலேயாம். கைச்சைகையாற் கணினியை ஏவும் கையுறையைப் பற்றி எழுதப் புகுந்தவன், மாட்டுச் சந்தையிலிருந்து தொடங்குவது படிப்போர்க்கு விநோதமாய்த் தோன்றலாம். ஆயினும் இப்பொருளைக் குறித்து எனக்குத் தெரிந்தவற்றுட் பாதி அச்சந்தையிலிருந்தே வந்ததாதலின், அங்கிருந்தே தொடங்குதல் முறையாம்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாளைய வழக்கம். எனது பாட்டனார் மாட்டுத் தரகர். சிறுவயதில் அவர் விரலைப் பற்றிக்கொண்டு யான் பலமுறை அச்சந்தைக்குச் சென்றதுண்டு. அங்கே விலை பேசும் முறையை ஒருமுறை கண்டோர் மறவார். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நிற்பர். இருவர் வலக்கையும் ஒன்று சேரும். அவற்றின்மேல் ஒரு துண்டு விழும். பின்பு வாய் மழையைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்க, துண்டின் மறைவிலே விரல்கள் விலையைப் பேசும். எனது பாட்டனார் கையாண்ட முறையில், எத்தனை விரலைப் பற்றுகிறோமோ அத்தனை ஆயிரமோ, அத்தனை பதினாயிரமோ ஆகும். எது என்பது மாட்டைப் பார்த்தாலே விளங்கும். பற்றிய விரலை உதறினால் ஒப்பவில்லை என்பது கருத்து. இறுக அழுத்தினால் ஒப்பியாயிற்று என்பது கருத்து. சுற்றி நிற்போர் ஐம்பது பேராயினும், விலை இருவர்க்கே தெரியும். அடுத்த மாட்டுக்காரன் அதனை அறிந்து தன் விலையை ஏற்றவோ இறக்கவோ இயலாது.

பாட்டனாரின் விரல்கள் இத்துணைத் திறமை பெற்றமைக்கு மற்றொரு காரணமும் இருந்தது. அவர் மகள், எனக்கு அத்தை, பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர். அவர் சிறுமியாயிருந்த காலத்திற் பள்ளிக்கு அனுப்பும் வசதியும் எண்ணமும் வீட்டிலே இல்லை. ஒரு பெண்மணி, பிளாரன்ஸ் சுவெயின்சன் என்னும் மிஷனெரி, பாளையங்கோட்டையிலே 1890-களிலேயே காது கேளாத பிள்ளைகட்குக் கல்வி கற்பிக்கத் தொடங்கிவிட்டார் என்பதை யான் மிகப் பிற்காலத்திலேதான் படித்தறிந்தேன். நூறாண்டு கடந்தும் அச்செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அத்தை தையல் கற்றுக்கொண்டார். திண்ணையிலே தையற்பொறி, அதன் எதிரே மாலைதோறும் பாட்டனார். அவ்விருவரும் தங்களுக்குள்ளே ஒரு சைகைமொழியை ஆக்கிக்கொண்டிருந்தனர். மற்றோர் நாங்கள் அதிற் சோறு, தண்ணீர், வா, போ என்னும் சில குறிகளை மட்டுமே அறிந்திருந்தோம். அதுவே போதுமென்றும் எண்ணியிருந்தோம்.

நிற்க. கல்லூரியில் இரண்டாம் ஆண்டிற் செய்முறைப் பணிக்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுமாறு ஆசிரியர் பணித்தபோது, கணினியை விரலசைவால் ஏவும் கையுறை ஒன்றைச் செய்வதென்று யான் துணிந்தேன். இது புதிய எண்ணமன்று. 1977-ஆம் ஆண்டிலேயே சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்திலே டானியல் சாண்டின், தாமஸ் டிபாண்டி என்னும் இருவர் இத்தகைய கையுறையொன்றைச் செய்தனர். வளையுங் குழாய்கள் விரல்களின்மேற் கிடக்கும். குழாயின் ஒரு முனையிலே சிறுவிளக்கும் மறுமுனையிலே ஒளியுணரியும் இருக்கும். விரல் மடங்க மடங்க, சென்று சேரும் ஒளி குறையும். அக்கருத்தைக் கூறிய சேயர் என்பவர் பெயராலே அது வழங்கலாயிற்று. பின்னர்த் தாமஸ் சிம்மர்மன் என்பவர் ஒளியைக்கொண்டு விரல்வளைவை அளக்கும் கருவிக்கு 1982-இல் உரிமம் வேண்டி விண்ணப்பித்தார். கையிலே கிட்டார் இல்லாமலே கிட்டார் வாசிக்க வேண்டுமென்னும் ஆசையே அவரை அதற்குத் தூண்டியதாம். அவரும் ஜேரன் லானியரும் சேர்ந்து 1980-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த கையுறை மிக்க விலையுடையது. 1989-இல் நிண்டெண்டோ விளையாட்டுப் பெட்டிக்கென மாட்டெல் நிறுவனத்தார் மலிவானதொன்றை வெளியிட்டனர். அதிலே ஒளிக்குழாய்க்குப் பதிலாகக் கரிமப் பூச்சுள்ள பட்டைகள் இருந்தன. நமது நாட்டிற் பிறந்த பிரணவ் மிஸ்திரி 2009-இல் உலகினர்க்குக் காட்டிய கருவியிலே கையுறையே இல்லை. விரல்நுனிகளில் வண்ணக் குல்லாய்களும், கழுத்திலே தொங்கும் நிழற்படக் கருவியும் இருந்தன. குசராத்திலுள்ள பாலன்பூர் அவர் ஊர். சிற்றூர்ப் பிள்ளையாகிய எனக்கு அச்செய்தி மிக்க ஊக்கமளித்தது.

யான் செய்த கையுறையின் அமைப்பை இயன்றவரை எளிதாய்க் கூறுவேன். வளைவுணரி என்பது விரலளவுள்ள மெல்லிய பட்டை. அதன்மேற் பூசப்பட்ட கரிமக் கலவை, பட்டை வளையும்போது விரிந்து, துகளுக்குத் துகள் இடைவெளி மிகுதலால், மின்னோட்டத்திற்கு உண்டாகுந் தடை மிகும். எனக்குக் கிடைத்த பட்டைகள் நேராயிருக்கையில் ஏறக்குறைய 10,000 ஓம் தடையும், செங்கோணமாய் மடங்குகையில் அதனினும் ஏறக்குறைய இருமடங்கும் காட்டின. பட்டையோடு மாறாத் தடையொன்றைத் தொடராய் இணைத்து 5 வோல்ட் மின்னழுத்தங் கொடுத்தால், இரண்டிற்கும் இடைப்பட்ட புள்ளியின் மின்னழுத்தம் விரல்வளைவிற்கேற்ப மாறும். அதனை ஆர்டுயினோ என்னுஞ் சிறுபலகை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக்கித் தரும். யான் வாங்கிய லியோனார்டோ என்னும் வகை, கணினியினிடம் தன்னையொரு தட்டச்சுப் பலகையென்றோ சுட்டியென்றோ சொல்லிக்கொள்ளவல்லது. ஆதலின் கணினிக்கு விரல் மடங்கியதென்பதே தெரியாது. யாரோ ஒரு விசையை அழுத்தியதாகவே அது எண்ணும். புறங்கையிலே வைத்த மற்றொரு சில்லு கையின் சாய்வையுஞ் சுழற்சியையும் அளந்து கூறும்.

கேட்பதற்கு எளிதாயினும் செய்வதற்கு அங்ஙனமில்லை. எனது கைக்கு அளந்து வைத்த எண்கள் நண்பர் கைக்குப் பொருந்தவில்லை. சித்திரை வெயிலிற் கையுறைக்குள் வியர்வை ஊறி, பட்டைகள் இடம் பெயர்ந்தன. கையை மேசைமேல் அசையாது கிடத்தினாலும், சுழற்சிக் கணக்கிலே மிகச் சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, திரையிலே சுட்டி தானே ஊர்ந்து செல்லலாயிற்று. மேலும் கீழும் சாய்வதைப் புவியீர்ப்பைக்கொண்டு திருத்தலாம். இடமும் வலமுந் திரும்புவதற்கு அத்தகைய துணையில்லை. ஆதலின் சுட்டியை நகர்த்தும் எண்ணத்தை விடுத்து, பக்கம் திருப்புதல், ஒலியைக் கூட்டுதல், குறைத்தல் முதலிய ஏவல்களோடு அமைந்தேன்.

துறையின் பொருட்காட்சி நாள் வந்தது. மேடையின்மேல் நின்று, கையசைவாலே படங்களை ஒவ்வொன்றாய் மாற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். அவ்வமயம் ஒரு கொசு கழுத்திற் கடித்தது. யான் அடித்தேன். கொசு தப்பிற்று, படங்களோ ஒரே பாய்ச்சலாய் ஓடி, "அனைவர்க்கும் நன்றி" என்னும் இறுதிப் படத்திற் சென்று நின்றன. அவையோர் எழுப்பிய சிரிப்பொலியை ஈண்டு விவரியேன். எனது கருவிக்குச் சைகை எது, அசைவு எது என்னும் வேறுபாடு தெரியவில்லை. தலையைச் சொறிதலும், மூக்குக்கண்ணாடியைத் திருத்துதலும், வணக்கஞ் சொல்லுதலும் அதற்கு ஆணைகளேயாம்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது இத்துன்பத்தைப் பாட்டனாரிடம் கூறினேன். அவர் கணினியைக் கையாலுந் தொட்டறியாதவர். கையுறையைச் சற்றுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதற்குத் துண்டு எங்கே?" என்று வினவினார். யான் விழித்தேன். "சந்தையிலே நாள் முழுவதும் கையை ஆட்டிக்கொண்டுதான் நிற்கிறோம். அதற்கெல்லாம் விலையுண்டா? துண்டு விழுந்த பிறகுதான் விரலுக்கு விலை. துண்டை எடுத்துவிட்டால் அது வெறுங் கைதான்" என்றார்.

இதனினும் தெளிவான விளக்கத்தை யான் எந்நூலிலும் கண்டிலேன். அன்றிரவே கையுறையின் கட்டைவிரல் நுனியிலும் சிறுவிரல் நுனியிலும் மின்கடத்தும் துணித்துண்டு ஒவ்வொன்றைப் பொருத்தி, அவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் அளவே கையுறை செவிகொடுக்குமாறு நிரலைத் திருத்தினேன். கட்டைவிரலுஞ் சிறுவிரலுஞ் சேர்தல் இயல்பாய் நிகழ்வதன்று. வேண்டுமென்றே செய்தாலன்றி வாராது. அதுவே எனது துண்டாயிற்று. அதன் பின்னர்க் கொசுவை எத்தனைமுறை அடித்தாலும் படங்கள் அசையவில்லை.

கையுறையைத் தைத்துக்கொடுத்தவர் அத்தை. யான் பசையால் ஒட்டியிருந்த பட்டைகளையெல்லாம் அவர் பிரித்தெடுத்து, ஒவ்வொரு விரலின் முதுகிலும் மெல்லிய உறை தைத்து, பட்டை முன்னும் பின்னும் வழுக்குவதற்கு நூலளவு இடம் விட்டார். விரல் மடங்குகையில் மேற்புறத் தோல் நீளுமென்பதும், பட்டை நீளாதென்பதும், இழுத்துத் தைத்தால் அறுந்துபோமென்பதும் ரவிக்கைக்கு முழங்கை வெட்டுபவர்க்கு நன்கு தெரிந்தவை. யான் மூன்று பட்டைகளை முறித்த பின்னரே அதனை உணர்ந்தேன்.

இங்கேதான் எனக்கு ஒரு பேராசை தோன்றிற்று. ஏவலை உணரும் கையுறை சொல்லையும் உணராதோ? அத்தையின் சைகையை ஒலியாக்கிவிட்டால், வாய்பேசாதவர் என்று ஊரார் கூறும் அவர் பேசிவிடுவாரன்றோ? இவ்வெண்ணமும் பழையதே. கை எழுத்துக்களை உணரும் கையுறையொன்றுக்கு பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கேரி கிரைம்ஸ் 1983-இலேயே உரிமம் பெற்றிருந்தார். 2016-இல் வாசிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் அமெரிக்கச் சைகைமொழியைப் பேச்சாக்கும் கையுறைகளைச் செய்து 10,000 டாலர் பரிசும் பெற்றனர். பரிசுச் செய்தியைப் பத்திரிகைகளிற் படித்த யான், அதனைத் தொடர்ந்து எழுந்த மறுப்புக்களைப் படிக்கவில்லை.

பன்னிரண்டு சொற்களைத் தேர்ந்தேன். வா, போ, தண்ணீர், சோறு, நூல், ஊசி முதலிய அவற்றிற்கு உரிய விரல்நிலைகளைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றிற்கும் எனது தாயாரின் குரலை இணைத்தேன். ஒரு மாலைப்பொழுதில் வீட்டார் அனைவரும் கூடியிருக்க, அத்தையின் கையிலே கையுறையை மாட்டினேன். அவர் தண்ணீர்க்குரிய குறியைக் காட்டினார். கணினி "தண்ணீர்" என்றது. வீட்டார் கைதட்டினர். அத்தை அக்கைதட்டலைக் கண்டார். ஒலியை அவர் எங்ஙனம் அறிவார்? மூன்று நான்கு சொற்களைக் காட்டியபின், கையுறையை மெல்லக் கழற்றி, மடித்து, எனது கையிற் கொடுத்து, சிரித்துவிட்டுத் தையற்பொறிக்குச் சென்றார். அச்சிரிப்பை மகிழ்ச்சியென்றே யான் கொண்டேன். பாட்டனார் மட்டும் ஒன்றுங் கூறாதிருந்தார்.

தை மாதத்திற் பாட்டனார் நோயுற்றார். நகரிலுள்ள மருத்துவமனையொன்றிலே பத்து நாட்கள் கிடந்தார். மருத்துவர் வந்து கூறிச் சென்றவற்றை எனது தந்தையார் கேட்டார். தந்தையார் கூறியதைத் தாயார் கேட்டார். அத்தை எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனது சட்டையைப் பிடித்திழுத்து, புருவத்தை உயர்த்தி, கைகளால் ஏதோ வினவினார். அது பன்னிரண்டு சொற்களுள் ஒன்றன்று. யான் தலையை அசைத்து, "சரியாகிவிடும்" என்னும் பாவனையாய்க் கையைக் காட்டினேன். அவர் கேட்டது அதுதானா என்பதும் எனக்குத் தெரியாது. இறுதி நாளுக்கு முந்திய மாலை, பாட்டனார் அத்தையின் கையைத் தமது போர்வைக்குள்ளே இழுத்துக்கொண்டார். போர்வை நெடுநேரம் மெல்ல மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அருகிலிருந்த நாங்கள், தந்தையும் மகளும் துயரத்தாற் கைகோத்திருக்கின்றனர் என்று எண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

காரியங்கள் முடிந்தன. அதன் பின்னர் அத்தை ஒவ்வொருவர் கையையும் பற்றிக்கொண்டு விடாதிருந்தார். எனது கையையும் பற்றினார். விரல்களைச் சேர்த்து அழுத்துவார், முகத்தைப் பார்ப்பார், மீண்டும் அழுத்துவார். நெற்றியிலே விரலாற் கோடிழுப்பார். விதியைக் குறிக்கின்றார் என்று எனது தாயார் கூறினார். யானும் அங்ஙனமே நினைத்து, அவர் கையைத் தடவிக்கொடுத்தேன். சில நாட்களுக்குப்பின் அவர் அதனை நிறுத்திவிட்டார். துயரம் ஆறிற்று என்றோம்.

சித்திரை மாதத்தில் ஒரு காலையில், அவலூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து முதியவரொருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அவரும் மாட்டுத் தரகரே. பாட்டனார் இறந்தது தமக்குத் தாமதமாய்த்தான் தெரியவந்தது என்று வருந்தியபின், சென்ற தீபச் சந்தையில் ஒரு சோடி மாட்டுக்காகப் பாட்டனார் தமக்கு முப்பதாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது என்று தயங்கித் தயங்கிக் கூறினார். எழுத்து உண்டோ என்று தந்தையார் வினவினார். தரகர்க்குள் எழுத்து இல்லை என்றார் அவர். தந்தையார் நல்லவரே, ஆயினும் இறந்தவர் பெயரைச் சொல்லிப் பணம் கேட்போர் பலரை அவர் கேள்விப்பட்டிருந்தார். அவர் குரல் தடித்தது. வந்தவர் முகங் கறுத்து எழுந்தார்.

அவ்வேளையில் அத்தை திண்ணையிலிருந்து நிமிர்ந்து அவரைக் கண்டார். அவர் நெற்றியின் குறுக்கே பழைய வடுவொன்று இருந்தது. அத்தை விரைந்தெழுந்து, தமது நெற்றியிலே அதே இடத்தில் விரலாற் கோடிழுத்தார். பின்னர்த் தையற்பொறியின்மேற் கிடந்த ரவிக்கைத் துணியை எடுத்துவந்து, அம்முதியவரின் வலக்கையைப் பற்றி, அதன்மேல் அத்துணியைப் போர்த்தினார். துணி ஒருமுறை அசைந்தது. முதியவர் கண்கலங்கி, எனது தந்தையாரை நோக்கி, "மூன்று விரல், ஐயா. அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்" என்றார்.

எனக்கு உடல் குளிர்ந்தது. மூன்று மாதத்திற்கு முன்னர் அத்தை எனது கையிலே அழுத்தியதும் மூன்று விரலேயாம். ஒருமுறையன்று, பலமுறை. போர்வைக்குள்ளே தந்தை மகளிடம் ஒப்புவித்த கடனை, அவர் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து சொல்லியிருக்கிறார்; ஆளின் அடையாளத்தையும் நெற்றியிலே எழுதிக் காட்டியிருக்கிறார். விரல்வளைவை 0 முதல் 1023 வரை அளக்கத் தெரிந்த யான், எனது கையின்மேலேயே அழுத்தப்பட்ட மூன்று விரலை எண்ணவில்லை. அயலூர் முதியவரொருவர் ஒரு நொடியிற் படித்ததை, ஒரே வீட்டிலே பத்தொன்பது ஆண்டு உடன் வாழ்ந்த யான் படிக்கவில்லை. தந்தையார் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, இரண்டு தவணையாய் அக்கடனைத் தீர்த்தார்.

இதன் பின்னரே யான் எனது கையுறையைப் பற்றி மெய்யாகச் சிந்திக்கத் தொடங்கினேன். சைகைமொழியும் ஏனைய மொழிகளைப் போல உறுப்பும் இலக்கணமும் உடைய மொழியே என்பதை வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்க அறிஞர் 1960-இல் நிறுவினார். கையின் வடிவு, அஃது உடலின் எவ்விடத்தே நிற்கிறது என்பது, அசைவு ஆகியவற்றை அவர் அதன் உறுப்புக்களாகக் கண்டார். பின் வந்தோர் முகத்தின் குறிப்பும் இலக்கணத்தில் அடங்குமென்று காட்டினர். புருவத்தை உயர்த்தினால் அதே சைகை வினாவாகும். எனது கையுறை கையின் வடிவை அறியும். அசைவைச் சிறிது அறியும். விரல் நிற்பது நெற்றியிலா, நெஞ்சிலா என்பதை அறியாது. புருவத்தை அறவே அறியாது. நெற்றியிற் கோடிழுத்த விரல் அதற்கு வெறும் நீட்டிய விரலேயாம். 2016-ஆம் ஆண்டுக் கையுறையைக் காது கேளாதோரும் மொழியியலாரும் மறுத்தபோது கூறிய காரணங்களுள் இது முதலாவது. இரண்டாவது இன்னுங் கூர்மையானது. கையுறையை அணியும் சுமை காது கேளாதவர்க்கு. பயனோ காது கேட்போர்க்கு. பிறர் சொல்வது அணிந்தவர்க்கு அதனால் எவ்வாற்றானும் விளங்காது. அத்தை அதனை மடித்து எனது கையிற் கொடுத்தபோது கூறியது இதுவேயென்று இப்பொழுது கருதுகிறேன்.

கைக்கு மொழியுண்டென்பது நமது நாட்டார்க்குப் புதிதன்று. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை பிண்டி, பிணையல் என ஒற்றைக்கையையும் இணைக்கையையும் வேறுபடுத்துகின்றது. அழகுக்குரிய கைகளையும் தொழிலுக்குரிய கைகளையும் அது பிரித்துக் கூறுகின்றது. அண்ணாமலையார் கோயிற் கோபுர வாயிலிலே கரணச் சிற்பங்கள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. அவ்வாயில் வழியே யான் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். சந்தைக் கூட்டத்திற் பாட்டனார் விரலை விடாது பற்றியபடி அவற்றை அண்ணாந்து பார்த்ததுமுண்டு. கைகளைப் பார்த்தேனேயன்றி, அவை ஒன்றைச் சொல்கின்றன என்று நின்று கேட்டதில்லை.

விவிலியத்தில் லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் தொடக்கத்திலே, பேச்சிழந்த சகரியாவைப் பற்றிய வரலாறு வருவதை நம் கல்லூரி மாணவர் அறிவர். குழந்தைக்குப் பெயரிடும் வேளையில் உறவினர் அவரை நோக்கிச் சைகை காட்டிக் கேட்டனர் என்றும், அவர் எழுத்துப் பலகையைக் கேட்டு வாங்கிப் பெயரை எழுதினார் என்றும் அங்கே காண்கிறோம். அவ்வீட்டார் சைகையாற் பேச முயன்றனர். விடைக்காகக் காத்தும் நின்றனர். எங்கள் வீட்டிலோ கடனைச் சொல்ல வந்தவர்க்கு ஆறுதல் கூறி அனுப்பினோம்.

இந்தியச் சைகைமொழிக்கென 2015-இல் டில்லியில் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமொன்று நிறுவப்பெற்றது. 2021-இல் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டிற்று. அதனைக்கொண்டு அத்தையின் மொழியைக் கற்றுவிடலாமென்று முதலில் முயன்றேன். பயன் சிறிதே. பள்ளிக்குச் செல்லாத அவர் பேசுவது அம்மொழியன்று. வேங்கிக்கால் திண்ணையொன்றிலே இருவர் கூடி ஆக்கிய மொழி. அதனைப் பேசினோர் உலகில் இருவர். அவருள் ஒருவர் காலமாகிவிட்டார். எஞ்சியவர் சில நாட்கள் அதனைப் பேசிப் பார்த்து, கேட்பாரின்மையால் நிறுத்திவிட்டார். அவரிடமே சென்று கற்பதன்றி வேறு வழியில்லை.

ஆதலின் விடுமுறை மாலைகளிலே பாட்டனார் அமர்ந்த இடத்தில் யான் அமர்கிறேன். யான் மந்தமான மாணவன். இடக்கையாற் செய்யவேண்டுவதை வலக்கையாற் செய்வேன். அத்தை கையைத் தட்டித் திருத்துவார். இதுவரை ஏறக்குறைய இருநூறு குறிகளைக் கற்றிருக்கிறேன். பெயர்கள் மிக்க சுவையானவை. வெற்றிலைக் கறையுள்ள பல் ஒருவர்க்குப் பெயர். சாய்ந்த நடை மற்றொருவர்க்கு. எனக்குரிய பெயர் யாதென்று கேட்டேன். அத்தை கழுத்தை அடித்துக் காட்டினார். கொசுவின் கதையைப் பாட்டனார் அவர்க்குச் சொல்லியிருக்கிறார்!

கையுறையை யான் எறிந்துவிடவில்லை. 2025-இல் மெட்டா நிறுவனத்தார் மணிக்கட்டின் தசைகளில் ஓடும் மின்குறிகளைக்கொண்டே விரலசைவை அறியும் பட்டையொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். எனது பட்டைகளும் பசையும் அதன்முன் பழம்பொருள். ஆயினும் ஏவலுக்கு அது நல்ல கருவியே. விசையை அழுத்த இயலாத கைக்கும், எட்ட இருந்து விளக்கை அணைக்க விரும்பும் நோயாளிக்கும் அது பயன்படும். அவ்வழியிலேயே அதனைத் திருத்தி வருகிறேன். கட்டைவிரலுஞ் சிறுவிரலுஞ் சேரும் அத்துண்டு மட்டும் மாறாது நிற்கின்றது. சொற்களுக்காகப் பதிந்த பன்னிரண்டு வரிகளை நிரலிலிருந்து அழித்துவிட்டேன்.

சென்ற தீபத்தன்று அத்தையுடன் சந்தைக்குச் சென்றேன். மாடு வாங்கும் எண்ணம் எங்களுக்கில்லை. வடுநெற்றி முதியவர் எங்களைக் கண்டு வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து அத்தையின் கையின்மேற் போட்டார். இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர். என்ன விலை என்று பின்னர் யான் வினவினேன். துண்டுக்குள் நடந்ததைக் கேட்கக் கூடாதென்று அத்தை கைகாட்டினார். அச்சைகை எனக்கு முழுவதும் விளங்கிற்று.